மழைக்கு 'ஹெவிலி', காற்றுக்கு 'ஹார்ட்': ஆங்கிலத்தில் வினையடையை எங்கே வைப்பது, எதோடு சேர்ப்பது?

பணகுடிக் காற்று

காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். கோபுரம் ஏறி இறங்குவதோடு வேலை முடிந்தால் தேவலை. சாயங்காலம் ஆனால் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் அதைத் திருத்தி எல்லாருக்கும் நகல் போட்டு அனுப்புகிறார். திருத்தட்டும், ஆனால் ஏன் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இந்த வாரம் வந்த திருத்தங்கள்: 'ஐ செக்ட் கேர்ஃபுல்லி த கியர்பாக்ஸ்' என்று எழுதினேன், 'ஐ செக்ட் த கியர்பாக்ஸ் கேர்ஃபுல்லி' ஆகிவிட்டது. அதே ரிப்போர்ட்டில் கீழே 'ஐ கேர்ஃபுல்லி செக்ட் த பிரேக்' என்று இருந்தது, அதைத் தொடவே இல்லை. அப்போ கேர்ஃபுல்லிக்கு இடம் முன்னாலா பின்னாலா? அடுத்து, 'இட் இஸ் ரெய்னிங் ஸ்ட்ராங்லி' என்பது 'ஹெவிலி' ஆனது. நம்ம ஊரில் காற்றும் பலமாத்தான் அடிக்கும், மழையும் பலமாத்தான் பெய்யும். இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் என்ன தனித்தனியாக?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'நிறைய படி, தானா வரும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சாரல் பையன்

அண்ணாச்சி, நிறைய படிங்க, தானா வரும்.

பாளை ஓய்வூதியர்

மேலே உள்ளவரை விடுங்கள். முதல் கேள்விக்கு விடை ஒரே வரி: ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினையடை நுழையக்கூடாது. 'செக்ட்' என்றால் எதை என்பது ஒட்டியே வர வேண்டும். 'செக்ட் த கியர்பாக்ஸ்' என்பதைப் பிரிக்காமல் விட்டுவிட்டு 'கேர்ஃபுல்லி'யை அதற்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். அதனால்தான் உம்முடைய இரண்டாவது வாக்கியத்தை அவர் தொடவில்லை.

ஏன் என்று கேட்டீரே, அதுதான் முக்கியம். தமிழில் 'கியர்பாக்ஸைக் கவனமாகப் பார்த்தேன்', 'கவனமாக கியர்பாக்ஸைப் பார்த்தேன்' இரண்டும் சரி. காரணம் அந்த 'ஐ' உருபு. செயப்படுபொருள் எங்கே நின்றாலும் இரண்டாம் வேற்றுமை காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை உருபுகள் இருந்தன. 1100-க்குப் பிறகு வந்த சில நூற்றாண்டுகளில் அவை தேய்ந்து உதிர்ந்துபோயின. இப்போது 'ஹிம்', 'தெம்' மாதிரிப் பிரதிப்பெயர்களில் மட்டும் மிச்சம் இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு உருபு இல்லை என்றால் எது செயப்படுபொருள் என்று எப்படித் தெரியும்? நிற்கும் இடத்தை வைத்துத்தான். அதனால் அந்த இடத்தை ஆங்கிலம் யாருக்கும் விட்டுக்கொடுக்காது.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. செயப்படுபொருள் ஒரு முழு வாக்கியம் அளவுக்கு நீண்டுவிட்டால் வினையடை நடுவில் வரலாம். 'ஹி எக்ஸ்ப்ளெய்ன்ட் கிளியர்லி ஒய் த மெஷின் ஹேட் ஸ்டாப்ட்' சரியான வாக்கியம். 'கிளியர்லி'யைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் மெஷின் தெளிவாக நின்றது போலப் படும்.

பணகுடிக் காற்று

சார், இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் சொன்னதில்லை. அப்படியென்றால் 'ஐ லைக் வெரி மச் அல்வா' தப்பு, 'ஐ லைக் அல்வா வெரி மச்' சரி. அப்படித்தானே?

பாளை ஓய்வூதியர்

அதேதான். 'ஐ வெரி லைக்' என்றும் சிலர் எழுதுவார்கள். 'வெரி' தனியாக வினையோடு சேராது, 'மச்' துணைக்கு வேண்டும்.

டவுண் குரூப்-டூ

சார், எங்கள் பயிற்சி வகுப்பில் 'ஆல்வேஸ், ஆஃபன், நெவர் எல்லாம் வினைக்கு முன்னால்' என்று எழுதிப் போட்டார்கள். ஆனால் மாதிரித் தேர்வில் 'ஷி இஸ் ஆல்வேஸ் லேட்' என்பதைச் சரி என்று கொடுத்திருந்தது. அங்கே வினைக்குப் பின்னால் வருகிறதே?

பாளை ஓய்வூதியர்

பாதி விதியைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எத்தனை தடவை நடக்கிறது என்று சொல்லும் வினையடை, பிரதான வினைக்கு முன்னால் வரும்: 'த பிரேக் ஆல்வேஸ் ஃபெயில்ஸ்'. 'ஆம், இஸ், ஆர், வாஸ்' இருந்தால் அதற்குப் பின்னால்: 'த பிரேக் இஸ் ஆல்வேஸ் ஹாட்'. துணைவினை இருந்தால் முதல் துணைவினையை அடுத்து: 'த பிரேக் ஹேஸ் நெவர் பீன் சேஞ்ஜ்ட்'. 'ஹேஸ் பீன் நெவர்' என்று எழுதுபவர்கள் நம் பக்கத்தில் அதிகம். 'சடன்லி', 'ஆல்ரெடி' போன்றவையும் நடுவில் வரும்போது பெரும்பாலும் இந்த இடத்திலேயே உட்காரும்.

அம்பை அக்கா

ஓய்வூதியர் ஐயா இடத்தைச் சொல்லிவிட்டார். தம்பியின் இரண்டாவது கேள்வி இடத்தைப் பற்றியது இல்லை, கூட்டைப் பற்றியது. அதற்கு இலக்கணத்தில் தேடினால் விடை கிடைக்காது.

இதை ஒரு வெளிநாட்டுக்காரர் நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம் என்று யோசித்துப் பாருங்கள். 'கலகலவென்று சிரித்தாள்' என்கிறோம். அழுகைக்குக் கலகல கிடையாது. தேம்பித் தேம்பித்தான் அழ வேண்டும். விழிப்பதற்குத் திருதிரு, நடப்பதற்கு விறுவிறு. விடிவதும் பொலபொல, கண்ணீர் உதிர்வதும் பொலபொல, ஆனால் ஒரு நாளும் பொலபொலவென்று இருட்டுவதில்லை. காரணம் கேட்டால் நம்மால் சொல்ல முடியுமா? காதுக்குச் சரியாகப் படவில்லை என்போம். அவர்களுக்கும் 'ரெய்ன் ஸ்ட்ராங்லி' காதுக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கில மொழியியலில் ஜே. ஆர். ஃபிர்த் என்று ஒருவர். 1920-களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர், 1934-இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றிக்கூடச் சிறிய அளவில் எழுதியிருக்கிறார். ஒரு சொல் யாரோடு பழகுகிறது என்பதை வைத்துத்தான் அதை அறிய முடியும் என்ற கருத்தை 1957-இல் எழுதினார். இந்தக் கூட்டுக்கு 'காலொகேஷன்' என்று பெயர்.

உங்கள் ரிப்போர்ட்டுக்கும் தினசரிப் பேச்சுக்கும் வேண்டிய சில கூட்டுகளைச் சொல்கிறேன். மழை 'ஹெவிலி' அல்லது 'ஹார்ட்'. காற்று 'ஹார்ட்' அல்லது 'ஸ்ட்ராங்லி'. தூக்கம் 'சவுண்ட்லி'. சிபாரிசு செய்தால் 'ஹைலி ரெகமெண்ட்' அல்லது 'ஸ்ட்ராங்லி ரெகமெண்ட்'. ஒத்துக்கொண்டால் 'ஃபுல்லி அக்ரீ', 'ஸ்ட்ராங்லி அக்ரீ' உண்டு. 'ஹைலி அக்ரீ' இல்லை. நம்பினால் 'ஃபர்ம்லி பிலீவ்'. வருந்தினால் 'டீப்லி ரெக்ரெட்'. முகத்தில் அடித்த மாதிரி மறுத்தால் 'ஃப்ளாட்லி ரெஃப்யூஸ்'. லேசாக ஞாபகம் இருந்தால் 'வேக்லி ரிமெம்பர்', நன்றாக ஞாபகம் இருந்தால் 'டிஸ்டிங்க்ட்லி ரிமெம்பர்' அல்லது 'கிளியர்லி ரிமெம்பர்'.

பணகுடிக் காற்று

அக்கா, அப்படியென்றால் ஒரு சந்தேகம். 'வீ பேட்லி நீட் எ கிரேன்' என்று அவரே ஒரு தடவை எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. மோசமாகத் தேவைப்படுமா என்ன?

அம்பை அக்கா

சிரிக்காதீங்க தம்பி, அது அருமையான ஆங்கிலம். 'நீட்', 'வாண்ட்' இரண்டோடும் சேரும்போது 'பேட்லி'க்கு 'ரொம்ப அவசரமாக, இல்லாமல் முடியாது' என்ற பொருள் வந்துவிடும். 'பேட்லி டேமேஜ்ட்' என்றால் பலத்த சேதம். 'சிங்ஸ் பேட்லி' என்றால்தான் நீங்கள் நினைக்கிற மோசம். நாமும் 'பயங்கரமாகப் பிடிக்கும்' என்கிறோம், அதில் பயம் எங்கே இருக்கிறது?

சாரல் பையன்

எனக்கு இதிலெல்லாம் ஒரு எதிர்ப்பு இருக்கிறது. தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் நாம் பேசுகிற இங்கிலீஷ் எல்லாருக்கும் புரிகிறது. 'சிம்ப்ளி ஐ கேம்' என்றால் சும்மா வந்தேன். 'டுடே இட்செல்ஃப்' என்றால் இன்றைக்கே. 'ஹி இஸ் லைக் தட் ஒன்லி' என்றால் அவன் அப்படித்தான். 'ஸ்லோலி ஸ்லோலி கோ' என்றால் பையப் பையப் போ. அமெரிக்காக்காரன் ஒரு மாதிரி, ஆஸ்திரேலியாக்காரன் ஒரு மாதிரி பேசினால் அது வட்டார வழக்கு. நாம் பேசினால் மட்டும் தப்பா? எதற்கு இவ்வளவு தாழ்வு மனப்பான்மை?

நாங்குநேரி ஸ்டேஷன்

சரியான கேள்வி. ஐயா பதில் சொல்லட்டும், நான் டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.

பாளை ஓய்வூதியர்

தாழ்வு மனப்பான்மை ஒன்றும் இல்லை தம்பி. 'இட்செல்ஃப்' நம்முடைய ஏகாரம், 'ஒன்லி' நம்முடைய 'தான்'. தமிழ் இடைச்சொல் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்குள் பேசும்போது அதைத் திருத்துவது அதிகப்பிரசங்கித்தனம். நானே வீட்டில் 'டுமாரோ இட்செல்ஃப்' சொல்பவன்.

ஆனால் படிப்பவர் பூனாவிலோ டென்மார்க்கிலோ இருந்தால்? 'த கிரேன் வில் கம் ஆன் மண்டே ஒன்லி' என்று எழுதுகிறீர். உம் மனதில் 'திங்கட்கிழமைதான் வரும், அதற்கு முன்னால் வராது'. அவர் 'திங்கள் ஒரு நாள் மட்டும் இருக்கும், செவ்வாய் போய்விடும்' என்று எடுத்துக்கொண்டு எல்லா வேலையையும் திங்களிலேயே திணிப்பார். கெளரவப் பிரச்சினை இல்லை, கிரேன் வாடகைப் பிரச்சினை.

இதைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. பணகுடியார் கவனிக்க வேண்டும். 'ஹார்ட்' என்பதே வினையடையும்கூட. 'வொர்க் ஹார்ட்' என்றால் பாடுபட்டு உழைப்பது. அதோடு 'லி' சேர்த்தால் பொருள் தலைகீழ். 'ஹார்ட்லி' என்றால் 'அநேகமாக இல்லை'. 'ஐ ஹார்ட்லி டைட்டண்ட் த போல்ட்ஸ்' என்று ஒருவர் எழுதினால், போல்ட்டைச் சரியாக முறுக்கவே இல்லை என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகும்.

பணகுடிக் காற்று

ஐயா, எண்பது மீட்டர் உயரத்தில் இருக்கிற போல்ட்டுக்கு இப்படி ஒரு வாக்கியமா! நினைத்தாலே கை நடுங்குகிறது. இந்த மாதிரி வேறு என்ன இருக்கிறது?

பாளை ஓய்வூதியர்

'லேட்' தாமதமாக, 'லேட்லி' சமீப காலமாக. 'நியர்' பக்கத்தில், 'நியர்லி' மயிரிழையில்: 'த பிளேட் நியர்லி ஹிட் த டவர்' என்றால் இடிக்கவில்லை, தப்பியது. 'ஹை' உயரத்தில், 'ஹைலி' மிகவும். 'ஃபாஸ்ட்' மட்டும் தனி; அதற்கு 'ஃபாஸ்ட்லி' என்று ஒன்றே கிடையாது.

டவுண் குரூப்-டூ

'மிகவும்' என்றதும் நினைவுக்கு வந்தது. 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று நன்னூலில் மனப்பாடம் செய்தோம். ஆறும் மிகுதிதான், ஆனால் உவகைக்குக் 'கழிபேருவகை' என்றால் காதுக்கு இதமாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கழி போட முடியாது. தொல்காப்பியத்திலேயே 'உறு தவ நனி' மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. அக்கா சொன்ன கூட்டு நமக்குப் பழைய சங்கதிதான்.

இன்னொன்று, இந்த 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் வினையடை வரலாமா? 'டு ஃபுல்லி அண்டர்ஸ்டாண்ட்' என்பதைத் தப்பு என்று ஒரு சார் அடித்தார்.

பாளை ஓய்வூதியர்

வரலாம். 1864-இல் ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார் அதை எதிர்த்து எழுதினார். அதன் பிறகு பள்ளிக்கூடங்கள் பிடித்துக்கொண்டன. ஆங்கிலச் சொல்வழக்கு அகராதி எழுதிய ஃபவுலர் 1926-லேயே இந்தப் பயத்தைக் கிண்டல் செய்துவிட்டார். தேர்வில் மட்டும் விடைத்தாள் திருத்துபவரின் வயதைப் பார்த்து எழுதிக்கொள்ளும்.

இடையன்குடி வழி

எங்கள் ஊரில் வாழ்ந்த கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. நம் மொழிகளில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதையெல்லாம் அப்போதே அதில் எழுதியாகிவிட்டது. ஐரோப்பியர் தமிழ் கற்றபோது அவர்களுக்கும் இதே திண்டாட்டந்தான் இருந்திருக்கும், திசை மட்டும் மாறி. நமக்கு அடை எல்லாம் முன்னால், வினை கடைசி. அவர்களுக்கு வினை நடுவில், அடை முன்னாலும் பின்னாலும்.

நான் சொல்ல வந்தது வேறு. வினையடையைத் தேடுவதற்கு முன்னால், அது தேவையா என்று பாருங்கள். தமிழில் 'பார்' என்ற ஒரு வினையை வைத்துக்கொண்டு முறைத்துப் பார், உற்றுப் பார், எட்டிப் பார், திரும்பிப் பார் என்று முன்னால் அடை கட்டுகிறோம். ஆங்கிலத்தில் பல இடங்களில் அந்த அடை வினைக்குள்ளேயே கரைந்திருக்கும். முறைத்தால் 'க்ளேர்', உற்றுப் பார்த்தால் 'ஸ்டேர்', ஒளிந்து எட்டிப் பார்த்தால் 'பீப்', ஒரு பார்வை வீசிவிட்டுத் திரும்பினால் 'க்ளான்ஸ்'. நடையிலும் அப்படித்தான்: நொண்டி நடந்தால் 'லிம்ப்', காலாற நடந்தால் 'ஸ்ட்ரோல்', களைத்துப்போய்க் கனத்த காலோடு நடந்தால் 'ட்ரட்ஜ்'. 'ஹி ஸ்டேர்ட் ஷார்ப்லி அண்ட் ஆங்க்ரிலி' என்று வளர்ப்பதைவிட 'ஹி க்ளேர்ட்' போதும்.

அம்பை அக்கா

இது நல்ல குறிப்பு. ஆனால் 'ட்ரட்ஜ்' எல்லாம் ரிப்போர்ட்டில் போட்டுவிடாதீர்கள், கதை எழுதுகிறாயா என்று கேட்பார்கள்.

நாங்குநேரி ஸ்டேஷன்

டீ குடித்துவிட்டு வந்தேன். 'ஸ்விட்ச் ஆஃப் இட்' என்று எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். அதுவும் தப்பு என்று மகள் சொல்கிறாள். ஒன்பதாவது படிக்கிறாள், வீட்டில் அவள்தான் எங்களுக்கு டீச்சர்.

அம்பை அக்கா

மகள் சொன்னது சரி. 'ஆஃப், ஆன், அப், டவுன்' எல்லாம் இந்த இடத்தில் வினையடைகள்தான், வினையோடு சேர்ந்து புதுப் பொருள் தருபவை. பெயர்ச்சொல் என்றால் இரண்டு பக்கமும் சரி: 'ஸ்விட்ச் ஆஃப் த மோட்டார்', 'ஸ்விட்ச் த மோட்டார் ஆஃப்'. 'இட், தெம், ஹிம்' என்றால் நடுவில்தான் வர வேண்டும்: 'ஸ்விட்ச் இட் ஆஃப்'. ஆனால் 'லுக் ஆஃப்டர்' பிரியாது, 'லுக் ஆஃப்டர் இட்' என்றுதான் வரும். அங்கே 'ஆஃப்டர்' வினையடை இல்லை, முன்னிடைச்சொல். இந்த வித்தியாசம் பார்த்ததும் தெரியாது, ஒவ்வொன்றாகப் பழக வேண்டும்.

'கோப் அப் வித்', 'ரிடர்ன் பேக்' இரண்டும் நம் ஊரில் தண்ணீர்பட்ட பாடு. 'கோப் வித்' போதும். 'ரிடர்ன்' என்பதிலேயே திரும்ப இருக்கிறது, 'பேக்' எதற்கு?

சாரல் பையன்

சரி, நானும் ஒன்று கேட்கிறேன், இது சண்டை இல்லை. கஸ்டமரிடம் போனில் பேசுகிற வேலை எனக்கு. 'ஐ ரியலி டோன்ட் நோ' என்றேன். டீம் லீடர் 'ஐ டோன்ட் ரியலி நோ' என்று சொல்லு, அதுதான் மரியாதை என்கிறார். சொல் அதே சொல்தானே?

பாளை ஓய்வூதியர்

சொல் அதே சொல்தான், இடம் வேறு. 'ரியலி' மறுப்புக்கு முன்னால் நின்றால் மறுப்பையே அழுத்துகிறது: சத்தியமாத் தெரியாது. 'டோன்ட்'டுக்குப் பின்னால் போனால் 'ரியலி'யே மறுக்கப்படுகிறது: அவ்வளவாத் தெரியாது. முதலாவது கதவைச் சாத்துகிறது, இரண்டாவது கொஞ்சம் திறந்து வைக்கிறது. உம் டீம் லீடர் விவரமானவர்.

சாரல் பையன்

இதுவரை வந்ததிலேயே எனக்கு உபயோகமானது இதுதான் ஐயா. இன்றைக்கு ராத்திரி ஷிப்டிலேயே சொல்லிப் பார்க்கிறேன். டுடே இட்செல்ஃப்.

பணகுடிக் காற்று

கூட்டெல்லாம் எப்படிப் பார்ப்பது அக்கா? ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் வந்து நிற்க முடியாதே.

அம்பை அக்கா

காலொகேஷன் அகராதி என்றே தனியாக இருக்கிறது. அதில் வினையைத் தேடுங்கள், வினையடையைத் தேடாதீர்கள். 'ரெய்ன்' என்று பார்த்தால் அதோடு பழகும் வினையடைகள் வரிசையாக வரும். பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் என்று 10 கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பு இருக்கிறது, இணையத்தில் தேடலாம். இரண்டு சொற்களைச் சேர்த்துப் போட்டு எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். நோட்டில் எழுதும்போது 'ஹெவிலி - பலமாக' என்று எழுதாதீர்கள். 'ரெயின்ட் ஹெவிலி ஆல் நைட்' என்று வினையையும் சேர்த்தே எழுதுங்கள்.

பணகுடிக் காற்று

நல்லது. இன்றைய ரிப்போர்ட், அனுப்புவதற்கு முன்னால் இங்கே போடுகிறேன். ஆடிக் காற்று என்பதால் காலையிலிருந்தே ஒரே ஆட்டம்.

'த விண்ட் வாஸ் ப்ளோயிங் ஹார்ட் ஆல் மார்னிங். டர்பைன் நைன் சடன்லி ஸ்டாப்ட். வீ லாக்ட் த ரோட்டர் அண்ட் செக்ட் த பிரேக் தரோலி. வீ டைட்டண்ட் த போல்ட்ஸ் ப்ராப்பர்லி. வீ பேட்லி நீட் எ நியூ சென்சார். ஒன்லி ஐ கேன் கோ அப் டுமாரோ.'

பாளை ஓய்வூதியர்

வினையடைகள் அத்தனையும் அவையவை இடத்தில் இருக்கின்றன. கடைசி வாக்கியம் மட்டும் என்ன? உம்மைத் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது என்கிறீரா?

பணகுடிக் காற்று

இல்லை ஐயா, இன்றைக்குக் காற்று அதிகம், நாளைக்குத்தான் ஏற முடியும்.

பாளை ஓய்வூதியர்

அப்படியானால் 'ஐ கான்ட் கோ அப் அகெய்ன் அன்டில் டுமாரோ' என்று எழுதும். 'தான்' மனதில் வரும்போதெல்லாம் 'ஒன்லி'யைத் தேடாதீர், 'நாட் அன்டில்' பல இடங்களில் அந்த வேலையைச் செய்யும். அப்புறம் போல்ட்டுக்கு 'ப்ராப்பர்லி' என்று போட்டிருக்கிறீர், ஆங்கிலம் சரிதான். ஆனால் முறுக்கிய அளவு மீட்டரில் இருக்குமே, அந்த எண்ணைப் போடும். அங்கே எந்த வினையடையும் வேண்டாம்.

பணகுடிக் காற்று

எண்ணைப் போட்டுவிட்டேன், 'ப்ராப்பர்லி'யை எடுத்துவிட்டேன். ரிப்போர்ட் போய்விட்டது. திருத்தி வந்தால் இங்கேயே ஒட்டுகிறேன்.